செவலைக்கு ஊட்டிய பொங்கல்

ஜாதவ்பூர்ப் பக்கம் நிலம் வாங்கப்போவதாக என் கணவர் சொன்ன அன்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம், பவானிப்பூரில் இரண்டு அறை வாடகை வீடு, கூப்பிட்ட குரலுக்கு நாலு தமிழ்க் குடும்பம். இதற்கு மேல் என்ன கேடு? அந்த நாளில் ஜாதவ்பூர் என்றால் வயலும் குளமும் நரியும்தான். "தண்ணி கலக்காத பால் குடிக்கணும்டி, அவ்வளவுதான்" என்றார். ஒரு உழக்குப் பாலுக்காகக் காட்டுக்குக் குடிபோகிற மனுஷரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

போனோம். கூரை வீடு, ஒரு குளம், ஒரு துண்டு நிலம், இரண்டு ஆடு, செவலை நிறத்தில் ஒரு கிடாரி. அவர் குடையை எடுத்துக்கொண்டு காலையில் ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். மிச்சமெல்லாம் என் தலையில். மழை பிடித்தால் தொழுவம் முழங்கால் சேறு. செவலைக்குக் குளம்பிடுக்கில் புண் வந்துவிடும். நான் சேற்றில் உட்கார்ந்து வேப்பெண்ணெய் போடுவேன், அது என்னை இடித்துத் தள்ளிவிட்டு நகரும். வைக்கோல் பூசணம் பூத்துவிடும். தட்டிய வறட்டி காயவே காயாது, அடுப்பு புகைந்து கண் எரியும். ஆடுகளில் ஒன்றை நரி கொண்டுபோயிற்று. மற்றது என் அவரைக்கொடியை வேரோடு தின்றுவிட்டுச் சாவகாசமாக அசை போட்டது. மலேரியாவில் பல் கிட்டிப் படுத்திருந்த நாளிலும் செவலை கத்தினால் எழுந்துதான் போகவேண்டும். "சனியனே, உன்னைக் கட்டிண்டு அழறேனே" என்று திட்டுவேன். திட்டிக்கொண்டே கழுத்தைச் சொறிந்துவிடுவேன். அதற்கு அந்தத் திட்டு பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

பிறகு செவலை சினையானது. மாசியில் கன்று போடும் என்றார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் பிறக்கப்போகிற முதல் உயிர் அதுதான். பாலெல்லாம் அவருடைய ஆசை. எனக்கு அந்தக் கன்று வேண்டும். தினமும் சாயங்காலம் செவலையின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். உள்ளே உதைத்தால் அன்று முழுக்க எனக்குச் சிரிப்பாகவே இருக்கும்.

அந்தத் தை மாதம் பவானிப்பூர்க் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பின. மாட்டுப் பொங்கலுக்கு மாடு வேண்டாமா? ஊரைவிட்டு வந்ததிலிருந்து அவர்களில் ஒருவருக்கும் ஒரு பசுவுக்குக் குங்குமம் வைக்கக் கொடுத்துவைக்கவில்லை. தமிழ் பேசுகிறவர்களில் மாடு வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். குதிரை வண்டிகளில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரியின் கையிலும் ஒரு பாத்திரம், அதில் பேரீச்சை வெல்லம் போட்ட சர்க்கரைப் பொங்கல். நம் ஊர் வெல்லம் அங்கே ஏது? பனிக்காலத்தில் வங்காளிகள் காய்ச்சும் அந்தப் புது வெல்லத்தின் வாசனை தோட்டம் முழுக்க அடித்தது. குளக்கரையில் காக்கைக்குக் கணுப்பிடி வைத்தோம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தனை தமிழை ஒரே நாளில் கேட்டு எத்தனை நாளாயிற்று!

என் கணவருடைய ஆபீஸ் சிநேகிதரின் மனைவி ஒருவர் இருந்தார். எங்களுக்கெல்லாம் மூத்த மாமி. பவானிப்பூரில் எனக்கு ஜுரம் வந்தபோதெல்லாம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். அவர்தான் செவலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, சாமந்தி மாலை போட்டு, முதல் கவளத்தை ஊட்டினார்.

"மாசமா இருக்காளே! சீமந்தமும் இன்னிக்கே ஆயிடட்டும். ரெண்டு உசிருக்குச் சாப்பிடணுமோல்லியோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கு ஆள் ஊட்ட ஆரம்பித்தார்கள். வைக்கோலும் பிண்ணாக்குமே தின்று வளர்ந்த செவலை, நாக்கைச் சுழற்றிச் சுழற்றி வாங்கிக்கொண்டது. பாத்திரங்கள் காலியாகிக்கொண்டே வந்தன.

"போறும் மாமி, அதுக்கு இதெல்லாம் பழக்கமில்லை" என்றேன்.

"போடி அசடு! புள்ளத்தாச்சி கேட்டா இல்லேங்கறதா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் குனிந்து, "வருஷத்துக்கு ஒரு நாள்டி. ஆசையா வந்தவா கையைத் தட்டிவிடாதே" என்றார். சோறு ஒரு மாட்டைக் கொல்லும் என்று அங்கே நின்ற யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. ஏதோ வயிறு உப்பும், வேப்பிலை அரைத்துக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

வண்டிகள் போன பிறகு பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், நான் மாசீமா என்று கூப்பிடுகிறவர், சங்கராந்திக்குச் செய்கிற பிட்டே என்ற அரிசிமாவுப் பலகாரம் கொண்டுவந்தார். தொழுவத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஓ பௌமா, ஜாபர் காட்ச்சே நா கேனோ?" என்றார். மருமகளே, அசை போடவில்லையே, ஏன் என்கிறார். அப்போதுதான் பார்த்தேன். இடது பக்க வயிறு மத்தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. செவலை பல்லை நறநறவென்று கடித்தது. இஞ்சி இடித்துக் கடுகெண்ணெயில் கலந்து புகட்டினோம். பிடித்து நடக்கவைத்தோம். கொஞ்ச தூரம் நடந்தது, பிறகு என் மேலேயே சாய்ந்தது. மறுநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை.

அவர் ஆபீஸுக்குப் போகாமல் மாட்டு டாக்டரைத் தேடி நகரத்துக்கு ஓடினார். டாக்டர் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. என்ன தின்றது என்று கேட்டார். சொன்னோம். வயிற்றுக்குள் சோறு புளித்து விஷமாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அதன் தலை என் மடியில் இருந்தது. நெற்றியில் மாமி இட்ட குங்குமம் அப்படியே இருந்தது. மூச்சு நின்ற பிறகும் வயிற்றுக்குள் கன்று உதைத்தது. நான் கை வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. பெற்ற வயிறு இல்லை எனக்கு, ஆனாலும் அன்று என் வயிறு எரிந்தது நிஜம்.

குளத்துக்கு அப்பால் புதைத்துவிட்டு வந்ததும், "பவானிப்பூருக்குப் போய் ஒவ்வொருத்தியையும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கப்போறேன்" என்றேன்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லப்படாது" என்றார் அவர்.

"ஏன்னா?"

"சினைப் பசுவை நாமே கொன்னுட்டோம்னு தெரிஞ்சா அந்த மாமி அப்புறம் ஒரு வாய் சாதம் சாப்பிடுவாளா? பசுஹத்திடி. ஆயுசு பூரா அழுதே செத்துப்போவா. காய்ச்சல்ல போயிடுத்துன்னு சொல்லிடறேன்."

"அப்போ நான்? நான் யார்கிட்ட அழறது?"

"என்கிட்ட அழு" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த தைக்குள் இன்னொரு பசு வந்துவிட்டது. வண்டிகளும் வந்தன, பொங்கல் பாத்திரங்களோடு. நான் தொழுவத்துப் படலைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டேன். "குங்குமம் இடுங்கோ, மாலை போடுங்கோ. வாயில ஒண்ணும் கொடுக்கப்படாது" என்றேன். காரணம் கேட்டார்கள். எனக்கு இஷ்டமில்லை என்றேன். மாமியின் முகம் செத்துவிட்டது. பாத்திரத்தை மூடிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். மாட்டுக்கு ஒரு வாய் கொடுக்கப் பொறுக்காத மகராசி என்று பவானிப்பூர் முழுக்க எனக்குப் பேர் வந்தது. பிள்ளையில்லாதவளுக்கு மனசு எங்கிருந்து வரும் என்றும் ஒருத்தி சொன்னாளாம். அதற்கப்புறம் மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. மாமி என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் மாமி பந்தியில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கண் பஞ்சடைந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்லாதே என்றவரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வாயைக் கட்ட யாருமில்லை. மாமி என்னைப் பார்க்காமல் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார்: "இவாத்துல முன்னே ஒரு செவலை இருந்தது. மகாலட்சுமி! என் கையால எத்தனை ஆசையா வாங்கிச் சாப்பிட்டது தெரியுமா? அது மட்டும் இருந்திருந்தா, இவ தடுத்தாலும் படலை முட்டித் தள்ளிண்டு என்கிட்ட வந்திருக்கும்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாமி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம் மாமி, வந்திருக்கும்" என்றேன்.