காலையில் பத்துத் தடவை

சென்னையில் வேலை போய் மேலகரத்துக்குத் திரும்பியபோது எனக்கு முப்பத்தொரு வயது. அடுத்த மாதமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிக்கொண்டு கேரளா வரை லாரி ஓட்டியவர். அம்மா ஐந்தருவியில் ஒரு சிப்ஸ் கடைக்கு வேலைக்குப் போனாள். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். அப்பாவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பானது.

தென்காசியிலிருந்து வந்த பிசியோதெரபி பெண், மடங்கிக் கிடந்த விரல்களை எப்படி நீவி விரிப்பது என்று காட்டிக்கொடுத்தார். காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. செய்ததும் காலண்டரில் டிக் போட வேண்டும். விட்டால் கை இறுகிவிடும் என்று இரண்டு முறை சொன்னார்.

நாலு நாள் செய்தேன். பிறகு சாரல் பிடித்தது. பத்து மணிவரை போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து அப்பா, "ஏலே, கையை..." என்று இழுப்பார். வருகிறேன் என்பேன். இரண்டு தடவைக்கு மேல் அவர் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாரத்து டிக்குகளை மொத்தமாகப் போட்டுவிடுவேன். சந்தேகம் வராமலிருக்க பேனாவை மாற்றி மாற்றிப் போட்டேன். அதற்கு மட்டும் சோம்பல் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் திரும்ப வந்தார். ஒரு விரலை விரிக்கப் பார்த்ததுமே அப்பா அலறினார். நகங்கள் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகியிருந்தது, நாற்றமடித்தது. அந்தப் பெண் காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளாவது செஞ்சியளா?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "தெனமும் செய்யுதான்மா. எனக்குத்தான் விரல் வணங்கல."

நானும் ஆமாம் என்றேன்.

இனிமேல் கை முழுதாக விரியாது, புண் ஆறினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் புண்ணைக் கழுவ எழுந்துதானே ஆகவேண்டும். டீ குடிக்குமுன் ஒரே ஒரு விரல் என்று வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் ஒரு விரல்தான். ஒன்றை முடித்ததும் கை தானாக அடுத்ததற்குப் போகும். சில வாரங்களில் பத்துத் தடவைக்கு வந்தேன். அப்பா தினமும் அழுதார். நான் நிறுத்தவில்லை. அப்படி எழுந்த பழக்கத்தில்தான் முற்றம் பெருக்கினேன், வேலைக்கு விண்ணப்பம் போட்டேன், தென்காசியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அம்மா கடை வேலையை விட்டு வீட்டோடு இருந்தாள். பையன் திருந்திவிட்டான் என்று தெருவில் அம்மாவிடம் சொல்கிறார்கள். அப்பாவின் கை பாதிகூட விரியவில்லை.

ஒரு காலையில் விரலை நீவிக்கொண்டே, அன்றைக்கு எனக்காக ஏன் பொய் சொன்னார் என்று கேட்டேன். பாசத்தில்தான் சொன்னார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"ஒன்னயக் காட்டிக்குடுத்துட்டு, மத்தியானம் யாரு கையால லே சோறு திங்க?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "நீ என்ன செய்வியோன்னு பயமா இருந்துது."

மீதி மூன்று விரல்களையும் நீவினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.