குடா லாரி!

கோவிட் அடங்கிய பிறகு வந்த தீபாவளிக்கு முந்திய வாரம். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் ரோட்டோரம், முன்பு பால்மரத் தோட்டமாக இருந்த ஒரு துண்டு நிலத்தில் நடந்தது இது.

நான் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஈப்போவில் பந்தயக் குதிரைகளைக் கழுவுவது, தீனி வைப்பது, நடத்திக் கூட்டிப் போவது என் வேலை. என் முதலாளி குதிரைகளைப் பழக்கும் டிரெய்னர். நானும் அவரும் ஒரே தோட்டம், ஒரே வகுப்பு. சாணி அள்ளும் வேலையில் சேர்ந்தவர், ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு என்று கப்பு கப்பாக ஜெயித்தார். ரகசியம் என்ன என்று யாராவது கேட்டால், "தோட்ட லயத்துல பொறந்தேன், குதிரை லாயத்துல வளர்ந்தேன், வேற ஒன்னும் தெரியாதுலா" என்று சிரிப்பார். நான் அவரை பாஸ் என்பேன். அவர் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். கேஸை மூடினேனா, மோட்டர் சைக்கிளைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம்.

அவருக்கு அதிகம் ஜெயித்துக் கொடுத்த கறுப்புக் குதிரைக்கு முன்னங்காலில் அடி. ஆறட்டும் என்று அந்த நிலத்தில் விட்டு, என்னைக் காவலுக்கு வைத்திருந்தார். இன்னொரு தடவை அந்தக் காலில் அடிபட்டால் ஊசி போட்டு முடிக்க வேண்டியதுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

கால் ஆறியது. அன்று மத்தியானம் லாரி வந்து குதிரையை ஈப்போவுக்கு ஏற்றிப் போவதாக ஏற்பாடு. கேட் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன். மோட்டரில் கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து மறுபடி ஆட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் முச்சந்தி ஒட்டுக்கடைக்கு டீ குடிக்கப் போனேன்; எங்கள் ஊரில் தே என்போம். உட்கார்ந்ததும் மழை கொட்டியது. தகரக் கூரையில் ஒரே இரைச்சல். பக்கத்து நிலத்தில் வாழை போட்டிருக்கும் மலாய்ப் பெரியவர் போனில் கூப்பிட்டார்.

"குடா லாரி! குடா லாரி!"

குடா என்றால் குதிரை. குதிரை லாரி வந்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. காத்திருக்கச் சொல்லுங்கள், தே குடித்துவிட்டு வருகிறேன் என்று மலாயில் கத்தினேன்.

"காத்திருக்கவா? அதுகிட்ட போயி நான் எப்படிச் சொல்றது?" என்று அவரும் மலாயில் கத்தினார். லைன் அறுந்துவிட்டது.

என் வாழ்க்கையில் கவலையில்லாமல் குடித்த தே அது ஒன்றுதான்.

பாதி குடித்திருப்பேன், முதலாளி கூப்பிட்டார். "மச்சான், மழை விடட்டும்னு லாரிய ஈப்போவிலயே நிறுத்திட்டேன். நான் மட்டும் கார்ல வாரேன். கிட்ட வந்துட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. மலாயில் லாரி என்றால் ஓடுவது.

"பாஸ், குதிரை லாரி!"

"ஆமாலா, லாரி ஈப்போவுல நிக்குது."

"அந்த லாரி இல்ல பாஸ், மலாய் லாரி!"

அவர் போனை வைத்துவிட்டார்.

மழையோடு மோட்டரை விரட்டினேன். என் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஒரு கிழட்டுப் பால்மரம் சாய்ந்து வேலியைத்தான் படுக்க வைத்திருந்தது. குதிரை மெயின் ரோட்டு ஓரத்தில் நின்றது. மலையிலிருந்து காய்கறி லாரிகள் சறுக்கிக்கொண்டு இறங்கின. நான் கையை ஆட்டிக் கத்திக்கொண்டு ஓட, அது மிரண்டு நடு ரோட்டுக்குத் தாவியது. ஒரு லாரி ஹாரன் அடித்து, ஒடித்து விலகிப் போனது. மயிரிழைதான்.

முதலாளி காரை நிறுத்தி இறங்கினார். "ஓடாத மச்சான், நீ பயந்தா அதுவும் மிரளும். அப்படியே குந்து." அவரும் குதிரைக்கு முதுகைக் காட்டி, சேற்றில் குந்திப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"சாப்பிட்டியா?" என்றார், வீட்டு வாசலில் கேட்பதுபோல.

நானும் குந்தினேன். "தே மட்டும்தான் பாஸ்."

"வெறும் தே குடிச்சா வயிறு என்னாத்துக்கு ஆவும்? வீட்டுல முறுக்கு சுட்டாச்சா?"

"மாவு அரைக்கணும் பாஸ்."

"எனக்கு எள்ளு போடாம சுடச் சொல்லு. பல்லுல மாட்டுது."

குதிரையின் காது எங்கள் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு அடியாக ரோட்டை விட்டு இறங்கி வந்து, அவர் தோளை மோந்து, கையிலிருந்த புல்லைக் கடித்தது. அவர் பெல்ட்டைக் கழற்றி மெதுவாக அதன் கழுத்தில் போட்டார். போட்டவர் பக்கிளை மாட்டவில்லை.

"நீ மாட்டு மச்சான்," என்றார் மெல்ல. "என் கை நிக்க மாட்டேங்குது."

பார்த்தேன். இத்தனை கப்புத் தூக்கிய அந்தக் கை, என் கையைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவருக்குப் பயமே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருசம் அந்தக் குதிரை ஈப்போவில் மறுபடியும் ஓடியது. நான் எள்ளு போடாத முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன மாதம் என் மகளை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "சாப்பிட்டியா?" என்றேன். அவள் முறைத்தாள், பிறகு இல்லை என்று தலையாட்டி என் தோளில் சாய்ந்தாள். பயம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. அதைக் குதிரைக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் அந்த ரோட்டோரச் சேற்றில்தான் எனக்குத் தெரிந்தது.