பூட்டை அழுத்திய விரல்

நகரத்து ஆஸ்பத்திரிகளில் மூச்சுக்கருவி நின்றுபோனால் முதலில் தேடுவது இந்த மெக்கானிக்கைத்தான். எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். படித்த இன்ஜினியர்கள் கைவிரித்த கருவிகளைக்கூட ஒற்றைத் திருப்புளியால் மூச்சுவிட வைத்தவர். சும்மா சொல்லவில்லை. குழாய் முனையில் ரப்பர் கையுறையைக் கட்டி, அது ஐந்து விரலையும் விரித்து உப்பி அடங்குவதைப் பார்த்தே காற்றின் அளவைச் சொல்லிவிடுவார். அளவு சரியானதும் மறுநொடியே பூட்டுப் பொத்தானை அழுத்திவிடுவார். வேறு யாரும் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாதே! முப்பது வருஷப் பழக்கம்.

அப்பேர்ப்பட்டவரை, நேற்று வந்த டாக்டர்கூட “ஏம்பா மெக்கானிக்” என்றுதான் கூப்பிடுவார். அது நெஞ்சில் முள். ‘டாக்டரோட அப்பா’ என்று கூப்பிட வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

மகளுக்கு மருத்துவம், மருத்துவக் கருவிப் பொறியியல் இரண்டுக்கும் மார்க் இருந்தது. இரண்டுக்கும் ஒரே கலந்தாய்வு; விருப்பப் பட்டியலில் முதலில் வைப்பதே கிடைக்கும். அதைக் கணினியில் பூட்ட அன்று மாலைதான் கடைசி. அவள் பொறியியலை முதலில் வைத்திருந்தாள். சின்ன வயதில் அப்பாவோடு வார்டுக்குப் போனபோது, ஒரு நோயாளி அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இறந்துபோனார். அன்றிலிருந்து நோயாளியைத் தொட நினைத்தாலே அந்த மணிக்கட்டை மூடிக்கொள்வாள்.

“என் பொண்ணும் திருப்புளியத் தூக்கிட்டு அலையணுமாம்மா?”

“ஊரெல்லாம் பெருமை பேசுறீங்க. அந்தத் தொழில் எனக்கு மட்டும் ஆகாதாக்கும்?”

அவள் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள். “வந்து பூட்டிடறேன். தொட்டுடாதீங்க, டாக்டரோட அப்பா!”

மருத்துவம் மேலே இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வரிசையை மாற்றினார். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. விரல் தானாகப் போய்ப் பூட்டை அழுத்தியது. ‘உறுதியா?’ என்று திரை கேட்டது. கருவி கேட்கும் கேள்விக்கெல்லாம் அவர் என்றைக்கு நின்றிருக்கிறார்? மறுபடியும் அழுத்தினார்.

ஈரத்தலையோடு வந்த மகள் திரையைப் பார்த்ததும் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

“பூட்டினா பூட்டினதுதாம்மா,” என்றது மறுமுனைக் குரல்.

“இந்த சீட்டு வேணாம்னு சொல்லிட்டா?”

“இன்னொண்ணும் கிடைக்காது. ரெண்டும் போயிடும்.”

அவள் அழவில்லை. மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கைப்பழக்கம்மா...”

“தெரியும்பா. விடுங்க.”

அவர் திறக்காத பெட்டி அந்த நகரத்திலேயே கிடையாது. திருப்புளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கணினியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நான்கு திருகாணிகள் இருந்தன. கழற்றி என்ன ஆகப்போகிறது? பையை மூடினார்.