ஆழமாகத் தைத்த பை

மலைக்கோட்டையில் வழிகாட்டியாக இருந்தவரை ஊரே 'அளப்பு மன்னர்' என்றுதான் கூப்பிடும். கோட்டைச் சமையலறைப் பானைக்குள் ஒரு யானை விழுந்ததாகவும், மறுநாள்தான் கரண்டியில் தட்டுப்பட்டதாகவும் கூசாமல் சொல்வார். கேட்டவர்கள் அந்தப் பானையைத் தேடுவார்கள்.

அவர் மனைவி, தையல்காரி, அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஒரே மகள் ஐந்து வயதில் காய்ச்சலில் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மனுஷர் தொப்பியை மாட்டிக்கொண்டு கதையளக்கக் கிளம்பிவிட்டார். அப்புறம் வீட்டில் பிள்ளை பேச்சையே எடுக்கவில்லை. 'பெத்த பொண்ணுக்காக இந்த ஆளு ஒரு நாளாவது அழுதாரா?' என்பது அவள் தொண்டையில் முள்ளாகவே நின்றுவிட்டது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். போன மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கோட்டை அலுவலகத்தில் கிடந்த அவருடைய குடையையும் ஃபிளாஸ்க்கையும் வாங்கி வரத்தான் முதல் தடவையாக மலை ஏறினாள். அலுவலக அறை பூட்டிக்கிடந்தது.

"சாவி புது வழிகாட்டிகிட்ட இருக்கும்மா. காவல் கோபுரத்துல கூட்டத்தோட நிக்கிறான், போய்ப் பாருங்க" என்றார் வாசற்காவலர்.

புதியவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அம்பு விடுவதற்கான சுவர்ச் சந்தின் பக்கத்தில் நின்று முழங்கிக்கொண்டிருந்தான்.

"எதிரிங்க அடிவாரத்த வளைச்சுட்டாங்க. உள்ள தண்ணித்தொட்டி கெட்டுப்போச்சு. அந்தக் காய்ச்சல்லதான் ராஜா பொண்ணு செத்துது. செல்லப் பொண்ணு! பாவாடைல பை வேணும்னு ஒரே அடம். ராணியே உக்காந்து தச்சா."

"ராணி தைப்பாளா? அரண்மனைல தையக்காரனுக்கா பஞ்சம்?" என்றார் ஒரு தொந்திக்காரர்.

"தையக்காரனும் வாளத் தூக்கிட்டுப் போயிட்டான் சார்!"

கூட்டம் சிரித்தது.

"ஆனா பைய ரொம்ப ஆழமாத் தச்சுட்டா. பொறுக்கி உள்ள போட்ட பொத்தான எடுக்கப் பிள்ளைக்குக் கை எட்டாது. 'எடுத்துக் குடுப்பா'ன்னு ராஜாகிட்டயே ஓடுமாம்."

தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மகளுக்கு அப்படிப் பை வைத்துத் தைத்த கவுன் அவள் பெட்டியின் அடியில் கிடக்கிறது.

"வாசல் பலகைல ராஜாவுக்குப் பிள்ளையே இல்லன்னு போட்டிருக்கே?" என்றார் தொந்திக்காரர், விடாமல்.

"பலகைக்கு என்ன சார் தெரியும்? போன மாசம் செத்துப்போன என் சீனியர் சொன்னது இது. அந்தப் பொத்தானையெல்லாம் ராஜா இந்தச் சந்துக்குக் கீழ இருக்கிற கல்லிடுக்குல போட்டுட்டாராம். சீனியர் இங்க வந்தா மட்டும் குரல் கம்மிடும். தெனமும் கண்ணத் தொடச்சுப்பாரு. என்னா நடிப்பு!"

"ராணிகிட்ட அழ வேண்டியதுதானே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அவ ஒடஞ்சு போயிடுவான்னு பயமாம். அவளும் அழலையாம், கல்லு மாதிரி தச்சுக்கிட்டே இருந்தாளாம்."

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. தையல்காரி மட்டும் குனிந்து அந்த இடுக்கில் கையை விட்டாள்.

"கைய எடுங்கம்மா, உள்ள தேள் கெடக்கும்!" என்று கத்தினான் வழிகாட்டி.

அவள் எடுக்கவில்லை. தோள் கல்லில் இடிக்கும்வரை கையை நீட்டினாள். அடி எட்டவில்லை.