மயில் தின்ற ஊசிகள்

பாத்திரத்தில் பேர் வெட்டுகிற கடை எங்களுடையது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். குடம், அண்டா, தாம்பாளம், எதைக் கொண்டுவந்து வைத்தாலும் என் வீட்டுக்காரர் மிஷினைப் பிடிப்பார், கொர்ரென்று ஒரு சத்தம், பேர் விழுந்திருக்கும். கை அப்படிப்பட்ட கை. வாய்தான் சரியில்லை. 'முடியாது' என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அதனால்தான் கல்லாவில் நான் உட்காருகிறேன்.

போன தை மாசத்துக்கு முன்னால் கடை தள்ளாட ஆரம்பித்தது. வேலைக்குக் குறைவில்லை, ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கச்சிராயபாளையத்தில் கரும்பு வைத்திருக்கிற வீட்டுக்காரருடைய அண்ணன், கடையை மூடிவிட்டு வந்து சேருங்கள், ஒரே வீடாக இருக்கலாம் என்று ஆள் மேல் ஆள் அனுப்பிச் சொன்னார். ஒரே வீடென்றால் ஒரே அடுப்படி. ஒரே அடுப்படி என்றால் என் ஓரகத்தி. கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் அவளோடு குப்பை கொட்டியிருக்கிறேன். நான் உப்புப் போட்ட குழம்பில் அவள் மறுபடி உப்புப் போடுவாள். அவள் கழுவி வைத்த பாத்திரத்தை நான் மறுபடி கழுவுவேன். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதை விட வெள்ளிமலைக்கு ஏறிப் போய்ச் சாமை விதைத்துப் பிழைக்கலாம்.

அந்த நேரம் பார்த்துக் கடைவீதியில் பெரிய பாத்திரக்கடை வைத்திருக்கிற முதலாளி வந்தார். அவரிடம் பேர் வெட்டிக்கொண்டிருந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டானாம். இனிமேல் தன் கடையில் வாங்குகிறவர்களை எல்லாம் எங்களிடமே அனுப்புவதாகவும், ஜனங்களிடம் சொல்ல ஒரே விலையாக ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டால், வேலை ஏற ஏற நஷ்டமும் ஏறும். அப்புறம் நேரே கச்சிராயபாளையம் பஸ்தான்.

ஒரு பாத்திரத்துக்கு நமக்கு என்ன செலவாகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"கரண்டு கொஞ்சம், ஊசி கொஞ்சம். தேஞ்சா வேற மாட்டறேன். இதுல இன்னா கணக்கு கீது?" என்றார்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த முதலாளிக்கு என்ன விலை சொல்ல? நானே இறங்கினேன். புது ஊசி ஒன்றை மாட்டச் சொல்லிவிட்டு, ஒரு பாத்திரம் முடிந்தால் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போட்டேன். ஊசி தேய்ந்ததும் கொட்டையை எண்ணிப் பார்த்தேன். அடுத்த ஊசிக்கும் அப்படியே. முதல் ஊசிக்கு டப்பா நிறைந்தது. இரண்டாவது ஊசிக்கு அடியே மறையவில்லை. ஒரே மிஷின், ஒரே கை, ஒரே எவர்சில்வர்.

எனக்குச் சந்தேகமே இல்லை, ஊசி விற்கிறவன் ஏமாற்றுகிறான். டப்பாவையும் தேய்ந்த ஊசிகளையும் பையில் போட்டுக்கொண்டு சின்னசேலத்துக்கு பஸ் ஏறினேன். ரயிலடிப் பக்கம் ஊசிக்காரர் கடை. அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் பாவம், புளியங்கொட்டையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி புளியங்கொட்டையைப் பார்க்கிறார். கடைசியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு ஊசியைச் சும்மாவே கையில் திணித்து, என்னை பஸ் ஏற்றிவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஊர் வந்தேன்.

அந்த இரண்டு ஊசியில் ஒன்று மறுநாள் மத்தியானமே மழுங்கியது. சரி, இன்னொன்றை மாட்டட்டும், இன்றைக்குக் கல்லாவே வேண்டாம் என்று நாற்காலியைத் தூக்கி அவர் எதிரில் போட்டுக்கொண்டேன். வெள்ளிமலையிலிருந்து ஒரு குடும்பம் ஜீப்பில் வந்து இறங்கியது. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர். தட்டு, சொம்பு, குடம் என்று ஒரு குவியல். பேர் என்னவோ சின்னப் பேர்தான், நிமிஷத்தில் முடிந்தது. அப்போது அதில் ஒரு அம்மா, கொசுறாக ஒரு பூப் போட்டுக் கொடுங்கள் என்றாள். இவர் பூப் போட்டார். எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் முகத்தில் பல்பு எரிந்தது. யாரும் கேட்காமலே மயிலுக்குப் போனார். சாதாரண மயிலா? தோகை விரித்த மயில். ஒவ்வொரு இறகுக்கும் ஒரு கண். ஒவ்வொரு கண்ணுக்கும் உள்ளே இன்னொரு கண். ஒரு தட்டில் போட்டால் மற்றத் தட்டுகள் கோபித்துக்கொள்ளும் என்று எல்லாத் தட்டிலும் போட்டார். அப்புறம் பளபளப்புக்கு எமரித் தாள், துடைக்கத் தின்னர். மயில் முடியும்போது ஊசியும் முடிந்தது.

சாயங்காலம் கணக்குப் போட்டால் தலை சுற்றியது. பேருக்குப் போகிற ஊசி ஒன்றுமே இல்லை. ஒரு மயிலுக்குப் போகிற ஊசியும் தாளும் தின்னரும், பேருக்கு நாங்கள் வாங்குகிற கூலியை விட ஜாஸ்தி. அவரிடம் கத்தினேன். மனசு கோணாமல் கேட்டதைப் போட்டுக் கொடுத்தால் என்ன தப்பு, காய்க்காரம்மா கொசுறுக்குக் கருவேப்பிலை கொடுப்பதில்லையா என்றார்.

"கருவேப்பில மரத்துல மொளைக்குது. ஊசி எந்த மரத்துல மொளைக்குது?" என்றேன். அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஓரகத்தியின் அடுப்படி கண்முன் வந்ததும் சங்கடம் போய்விட்டது.

பாத்திரக்கடை முதலாளியிடம் போய், பேர் பத்து ரூபாய், பூ ஐந்து, மயில் பதினைந்து என்று சொன்னேன். கொசுறுக்குக் காசு கேட்டால் ஜனங்கள் தன் கடைக்கே வர மாட்டார்கள் என்று அவர் பதறினார். கடைசியில், முதல் கூட்டத்தைத் தானே கூட வந்து பார்ப்பதாகவும், ஒரு முணுமுணுப்பு வந்தாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். விலைப் பலகையை வீட்டுக்காரரையே வெட்டச் சொன்னேன். வெட்டினார். ஓரத்தில் ஒரு மயிலையும் சும்மாவே போட்டு வைத்தார். அப்படியே வாசலில் மாட்டினேன்.

முதலாளி கூட்டிக்கொண்டு வந்த முதல் கூட்டம் யார் தெரியுமா? என் ஓரகத்தியேதான். மகள் கல்யாணச் சீர்ப் பாத்திரம் அத்தனையும் ஆட்டோவில் வந்து இறங்கியது. அவள் இடுப்பில் கை வைத்து நின்று பலகையைப் படித்தாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். அண்ணி ஆயிற்றே. முதலாளி வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார். 'சொந்தக்காரங்ககிட்டயே காசு கேக்கறா' என்று அவள் ஒரு சத்தம் போட்டால் போதும், என் கதை முடிந்தது. ஆனாலும் சொன்னேன்.

"பூவுக்கும் மயிலுக்கும் தனிங்கக்கா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கொழுந்தனாரிடம் திரும்பி, எல்லாத்துலயும் மயிலே போட்டுடு என்றாள். ஃபோனை எடுத்து ஸ்கேன் பண்ணினாள். ஸ்பீக்கர் டப்பா, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி தொகையைச் சொல்லிற்று. முதலாளி வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, நாளைக்கு இன்னும் மூன்று கூட்டம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயிரம் இருந்தாலும் நம்ம வீட்டு ஆள் என்று பாசம் பொங்கி அவள் கையைப் பிடித்தேன். அவள் என் காதருகில் குனிந்தாள்.

"கடை நல்லா ஓடணும்டி. நீ திரும்பி வந்து என் அடுப்படில நிக்காம இருக்கறதுக்கு, இந்தக் காசு ரொம்பக் கம்மி."

கையை விட்டேன். அவள் குடத்து மயிலுக்கும் காசு போட்டிருந்தாளா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.