மூன்று பெட்டிகள் வாய் திறந்த நாள்: ராசிபுரம் பக்கத்து மலைச் சுரங்கத்தில் ஒரு புதன்கிழமை

மாசி பிறந்த முதல் வாரம் சுமதி அக்கா போன் செய்தாள். "என் பெட்டிங்களப் பாக்கணும்னா செவ்வாக்கிழமை காலைல வந்துரு. சாயங்காலம் கான்கிரீட்டுக்குள்ள போயிரும். அப்புறம் யார் வந்து கேட்டாலும் காட்ட முடியாது." செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. புதன்கிழமைதான் கிளம்பினேன். பெட்டிகள் உள்ளே போன மறுநாள் அவற்றைப் பார்க்கப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அக்கா வேலை பார்ப்பது ராசிபுரம் பக்கத்தில் ஒரு மலையைக் குடைந்து போடும் சாலைச் சுரங்கத்தில். சுரங்கம் இருக்கும் ஊரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் எழுதக் கூடாது என்பது அவள் கண்டிப்பு. சோப்பு டப்பா அளவில் ஒரு சென்சார் பெட்டி. அதைக் கம்பியில் கட்டி, மேலே கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். கான்கிரீட் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது, பின்னாளில் மலை எவ்வளவு அழுத்துகிறது என்றெல்லாம் அது வயர் இல்லாமல் ரேடியோ வழியாகச் சொல்லும். பேட்டரி பல வருஷம் தாங்குமாம். என் போன் பேட்டரி பகல் சாப்பாட்டுக்குள் போய்விடுகிறது, அது வேறு கதை.

காலை 6.40க்குச் சேலம் சூரமங்கலத்தில் டவுன் பஸ், பத்து ரூபாய், புது பஸ் ஸ்டாண்டுக்கு இருபது நிமிஷம். அங்கே 7.15க்கு நாமக்கல் பஸ், ராசிபுரம் வரை முப்பது ரூபாய். ஜன்னல் சீட் வேண்டுமென்றால் இடது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் முகத்தில் அடிக்காது என்று எழுத நினைத்தேன். ஆனால் பஸ் தெற்கே போவதால் இடது பக்கம்தான் வெயில் அடித்தது. வலது பக்கம் உட்காருங்கள். 8.20க்கு ராசிபுரம். பொங்கல், வடை, காபி எழுபத்தைந்து ரூபாய். பொங்கலில் நெய் தாராளம், நெய்க்குப் பேர் போன ஊருக்கு அதுதான் மரியாதை. அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய்.

"சொரங்கத்துக்குங்களா? உள்ள உடமாட்டாங்களே," என்றார் ஆட்டோக்காரர்.

"எங்க அக்கா அங்க இன்ஜினியருங்க."

"பொட்டி கட்டற அம்மிணியா? அப்பச் செரி," என்று கேட் வாசலிலேயே இறக்கிவிட்டார். என்னைவிட அக்காவை அந்த வட்டாரத்துக்கு நன்றாகத் தெரிகிறது என்று பெருமையாக இருந்தது.

முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருந்ததால் ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையும் மாட்டி உள்ளே விட்டார்கள். அக்கா முகம் சரியில்லை. வீட்டிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடியை வாங்கி, பார்க்காமலே மேஜைமேல் வைத்தாள். அம்மா பருப்புப் பொடியை அவள் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். வாசலிலிருந்து நூற்று நாற்பதாவது மீட்டரில் மலைப் பாறை நொறுங்கலாக இருக்கிறது. அதனால் அந்த இடத்தில் மட்டும் வலது சுவரில் நெருக்கமாக மூன்று பெட்டிகள். முந்தின நாள் சாயங்காலம் கான்கிரீட் போட்டாகிவிட்டது. மற்ற இடங்களில் கட்டிய ஆறு பெட்டிகளும் சில மணி நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டன. இந்த மூன்றும் மூச்சு விடவில்லை.

"ஈர கான்கிரீட் சிக்னலக் குடிக்கும், காலைல வந்துரும்னு நெனச்சேன். இன்னும் வரல. எங்க மலை அசையுமோ அங்கதான்டா எனக்குக் காது இல்ல," என்றாள்.

கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் இரும்பு ஷட்டரும் அதன் மேடையும் தண்டவாளத்தில் நகர்பவை. சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த பகுதிக்குப் போய்விடும். போனபின் அந்த உயரத்தை எட்ட முடியாது, அதற்குள் கான்கிரீட்டும் கல்லாகிவிடும். இயந்திரம் வைத்து உடைத்தால் பெட்டியும் சேர்ந்து உடையும். ஆக, ஆறு மணிக்குள் பேசவில்லை என்றால் அந்த இடம் என்றைக்கும் ஊமைதான். தள மேலாளர் நல்ல மனிதர், ஆனால் ஷட்டரை நிறுத்தி வைக்க அவரால் முடியாது.

ஷட்டரில் சின்னச் சின்ன ஜன்னல்கள் உண்டு. பெட்டிகளை அந்த ஜன்னல்களுக்கு நேராகத்தான் கட்டுவார்கள், சிக்னல் வெளியே வர. அக்கா ரிசீவரைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்தாள். நான் டார்ச் பிடித்தேன். தம்பிகள் அதற்குத்தான் பிறக்கிறார்கள்.

இரண்டரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். கம்பி கட்டும் குழுவின் தலைவர் செங்கோடன் மேஸ்திரி தூக்குப் போசியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷம் போர்வெல் ரிக்கில் ஆந்திரா, ஒடிசா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர்.

"ஏனுங்க அம்மிணி, பொட்டியெல்லாம் சொகமா இருக்குதுங்களா?"

"மூணு பேசலைங்க மேஸ்திரி. அந்தப் பொடிப் பாறை எடத்துல இருக்கறது."

"அதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. அந்த எடம் மோசம்னு நீங்க சொன்னீங்கல்ல? எங்கூரு கோயில்ல வெச்சுப் பூசை பண்ணி, மூணு செப்புத் தகடு கொண்டாந்தேன். பொட்டிக்கு ஒண்ணா மொகத்துக்கு நேராக் கட்டி உட்டுட்டேன்."

அக்கா கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது. வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் தகடு வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. எங்கள் வீட்டு நிலைக்கு அடியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் ரேடியோவுக்குச் செம்பு என்றால் வாயைப் பொத்தின மாதிரி. உள்ளங்கை அகலத் தகட்டை முகத்துக்கு நேராகக் கட்டினால், பெட்டி கத்தினாலும் வெளியே கேட்காது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மேஸ்திரி, அது பேசற பெட்டிங்க. மூணு மாசமா உங்ககூட வேல செய்யறேன், இத நான் உங்ககிட்டச் சொல்லவே இல்ல."

மேஸ்திரி முகம் சுருங்கிப் போனது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். "நான் கட்டுனது. எத்தன சாண்ல இருக்குதுன்னு எனக்குத் தெரியும். மூணு விரக்கடைதானுங்க கான்கிரீட்டு."

3.10க்கு முதல் ஜன்னலில் ஆரம்பித்தார். ஒரு கையால் அளந்து, ஒரே இடத்தில் சிறிது சிறிதாகத் தட்டினார். தகடு கண்ணில் பட்டதும் கை நின்றது. பூசை செய்து வைத்ததைப் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "சாமி, கொஞ்சம் நவுந்துக்க. இது பேசோணுமாமா," என்று சொல்லிக் கட்டுக்கம்பியை வெட்டினார். 3.50க்கு அக்காவின் ரிசீவரில் முதல் பெட்டி வந்தது. நாற்பத்தொரு டிகிரி. 4.35க்கு இரண்டாவது.

மூன்றாவது, நொறுங்கல் பாறைக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது. 5.35க்குத் தகடு வெளியே வந்தது. பெட்டி பேசவில்லை. கீழே மேலாளர் வந்து நின்றார். ஷட்டர் ஆட்களும் வந்துவிட்டார்கள். அக்கா ரிசீவரைத் துளைக்குள் வைக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அம்மிணி, இதுக்கு மட்டும் ரெண்டுங்க. என்ற ஊட்டுக்காரி இன்னொண்ணு குடுத்து உட்டா. அந்த எடத்துக்கு ஒண்ணு பத்தாதுன்னு."

சிமெண்ட் பாலில் ஒட்டிக்கொண்டு, கான்கிரீட் நிறத்திலேயே அடியில் இருந்தது இரண்டாவது தகடு. நகத்தால் சுரண்டி, உளி முனையால் நெம்பி எடுத்தார். 5.54. அக்கா ரிசீவரை மறுபடி துளையருகே கொண்டுபோனாள். 5.58க்கு ரிசீவர் கீச்சென்றது. நாற்பத்திரண்டு டிகிரி. அக்கா மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

ஷட்டரைக் கழற்றி நகர்த்த ஆட்களுக்கு அரை மணி பிடித்தது. அதற்குள் தகடு நான்கையும் பெட்டிகளின் முகத்தை விட்டு விலக்கி, துளையின் அடி ஓரத்தில் செருகிவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார். அக்கா ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்து, சிக்னல் குறையவில்லை என்று தெரிந்தபின் சரி என்றாள். துளைகளைக் கலவையால் மூடினார்கள்.

அன்றைய பதிவேட்டில் துளை போட்டதற்குக் காரணம் எழுத வேண்டும். மேலாளர் மேஸ்திரி பெயரைக் கேட்டார். எழுதினால் மேஸ்திரியை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். "பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கம்பி கட்டும் குழுவுக்கு நான் விளக்கவில்லை" என்று அக்கா எழுதி, தன் கையெழுத்தைப் போட்டாள். மேலாளர் படித்துவிட்டு, அடியில் அவரும் போட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: சுரங்கத்துக்குள் இப்போது விடமாட்டார்கள், கேட்டில் போய்க் கெஞ்ச வேண்டாம். ராசிபுரத்துக்குத் தாராளமாகப் போகலாம். நெய் வாங்கினால் முகர்ந்து பார்த்து வாங்குங்கள், அரை லிட்டர் 350 ரூபாய்க்கு நான் வாங்கினேன். இரவு எட்டரை வரை சேலத்துக்குப் பஸ் பார்த்தேன், அதற்கப்புறம் விசாரித்துக்கொள்ளுங்கள். முழு நாளுக்கு நெய் தவிர்த்து எனக்கு முன்னூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பாதை திறந்தபின் போகிறவர்கள் நூற்று நாற்பதாவது மீட்டரில் வலது சுவரைப் பாருங்கள், கொஞ்சம் வெளுத்த நிறத்தில் மூன்று சதுர ஒட்டு தெரியும். வண்டியை நிறுத்த வேண்டாம், பின்னால் லாரி வரும். அந்த மலை அசைந்தால் முதலில் என் அக்காவுக்குத் தெரியும். அடுத்ததாகச் செங்கோடன் மேஸ்திரிக்கு. தினமும் காலை ஏழு மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டு, "மூணும் பேசுதுங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்புகிறார்.