‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சருக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிற உத்தியோகம் என்னுடையது; யாருக்காவது என்னைப் பிடிக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைச் சாதாரண வகுப்பிலேயே வைத்துப் படிக்கவைக்க ஆசிரியர்களுக்குக் கை கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இப்போது எனக்கு ஷா ஆலத்தில் குளுகுளு அறையில் ஒரு மேசை கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பி, கொமுட்டர் ரயில் பிடித்து, கிள்ளானில் இறங்கி, அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு வேர்க்க விறுவிறுக்க நடந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பையில் என்ன?

முதல் நாள் தோளில் பெரிய பை. உள்ளே பட அட்டைகள், மணல் கடிகாரம், சத்தம் கேட்காமலிருக்கக் காது மூடி, கையில் பிசைய ஒரு ரப்பர் பந்து. வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா அங்கிள் பையைத் திறந்து பந்தை ஒரு அமுக்கு அமுக்கினார். அது ‘கீச்’ என்றது.

“முதலாம் ஆண்டு டீச்சருக்கு உதவி செய்ய வந்திருக்கேன்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“விளையாட்டுச் சாமான் விக்கிறவங்க வெள்ளிக்கிழமைதான் வரணும் அக்கா, இன்னிக்குச் செவ்வாய் லா!”

பத்து வார்த்தை

நான் போனது யாழினிக்காக. ஏழு வயது. தலைமையாசிரியர் நல்லவர்தான், ஆனால் தும்மினால்கூடப் படிவம், பாரம் என்று நிரப்பச் சொல்லும் மனிதர். “மூணு மாசம் பார்ப்போம். சரிப்பட்டு வரலேன்னா தனி வகுப்பு இருக்கிற ஸ்கூலுக்கு மாத்திடுவோம்” என்றார். பக்கத்தில் தனி வகுப்பு இருந்தது ஒரு மலாய்ப் பள்ளியில்தான். வகுப்பாசிரியை கோமதி டீச்சரும் அங்கே இருந்தார். இருபத்தைந்து வருட சர்வீஸ், வகுப்பில் முப்பத்து நாலு பிள்ளைகள். ‘இவள் போனால் நிம்மதி’ என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

யாழினியின் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்திருந்தார். “அதுவும் நல்ல ஸ்கூல்தானேம்மா” என்று தலைமையாசிரியர் சமாதானம் சொன்னார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தா, டீச்சர். பேசுறதே பத்து வார்த்தை. அந்தப் பத்தும் தமிழ்.”

காது மூடி

பள்ளி மணி என்றால் யாழினிக்கு எமன். அடித்ததும் மேசைக்கு அடியில் போய்விடுவாள். காது மூடியைக் கொடுத்தேன். மறுநாளே கட்டொழுங்கு ஆசிரியர் சந்திரன் சார், “ஸ்கூல்ல பாட்டா கேக்குற?” என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்!

இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மூலையில் சந்திரன் சார், அந்தக் குட்டிக் காது மூடியை எப்படியோ மாட்டிக்கொண்டு, உலகத்தையே மறந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். தோளைத் தட்டியதும் அசடு வழியக் கழற்றிக் கொடுத்தார்.

“பிள்ளைக்கே குடுத்துடுங்க டீச்சர், ஆனா பெரியவங்க சைஸ் எங்க கிடைக்கும்னு சொல்லிட்டுப் போங்க லா.”

வியாழக்கிழமை

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்று மாதம் முடிந்து திங்கட்கிழமை கூட்டம். அதற்கு முந்திய வியாழன் மதியம் போன் வந்தது. மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போயாயிற்று, யாழினி மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழ மறுக்கிறாளாம். காலையிலிருந்து சாப்பிடவும் இல்லையாம். தூக்கப் போன சந்திரன் சாரின் கையை நறுக்கென்று கடித்துவிட்டாளாம். போச்சு, எல்லாம் போச்சு என்று கொமுட்டர் ஏறினேன்.

அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் வீட்டுப் படம் போட்ட அட்டையைக் காட்டினேன்; தூக்கி எறிந்தாள். அழுது சிவந்த முகத்தோடு ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “வரேன். வரேன். வரேன்.” ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கோமதி டீச்சர் பத்து மணிக்கே ஷா ஆலத்துக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். போன் போட்டு, கிளம்பும்போது பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “என்னத்தச் சொல்வேன்? ‘சரி பிள்ளைங்களா, வரேன்’னு சொன்னேன்” என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. போகிறவர் ‘வரேன்’ என்றால் போகிறார் என்று நமக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு? மற்ற நாட்களில் டீச்சர் வகுப்பு முடியும்வரை இருப்பார். அன்றுதான் பாதியில் கிளம்பினார். வருவார் என்று இவள் உட்கார்ந்திருக்கிறாள். அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு செவ்வாயும் நானே “வரேன்டா” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நான் போனபிறகு அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று, அவளை அழைத்துப்போக வரும் அம்மா சொன்னபோது, களைப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இனிமே ‘போறேன், நாளைக்கு வருவேன்’னு சொல்லுங்க டீச்சர்” என்றேன். “ஐயையோ, ‘போறேன்’னா? வாயால சொல்ற வார்த்தையா அது!” என்று போனை வைத்துவிட்டார். ஆனால் முக்கால் மணி நேரத்தில், பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சிரைக்க வகுப்பில் வந்து நின்றார். “வந்துட்டேன்மா” என்றார். யாழினி கண்ணைத் துடைத்தாள், பையை மாட்டினாள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோமதி டீச்சர் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

“எங்க வீட்டுக்காரர்கூட எனக்காக ஒரு வேளை சாப்பிடாம காத்திருந்ததில்ல, டீச்சர்.”

கூட்டம்

திங்கட்கிழமை, மாற்றல் பாரம் தயாராக மேசையில் கிடந்தது. சந்திரன் சார் கையில் பிளாஸ்டர். அம்மா நாற்காலி நுனியில். “கடிக்கிற பிள்ளைய எப்படி வெச்சிக்கிறது? முடியலேன்னு வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போட்டா மாத்திடலாம்” என்று தலைமையாசிரியர் பாரத்தைக் கோமதி டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

நான் மூன்று பக்கத்துக்கு வாதம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பையிலிருந்து அதை எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. கோமதி டீச்சர் பேனாவை எடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் ‘மாற்றப்படுபவர்’ என்ற இடத்தில் யாழினியின் பெயரை அடித்து, தன் பெயரை முத்து முத்தாக எழுதி, பாரத்தைத் திருப்பித் தள்ளினார்.

“வரேன்னு சொல்லிட்டு வராதது நான்தான் சார். மாத்துறதுன்னா என்னை மாத்துங்க.”

யாழினி ஆறு வருடமும் அந்தப் பள்ளியிலேயே படித்தாள். நான் சாதித்தது என்னவென்றால், விடைபெறும்போது ‘போறேன்’ என்று கூசாமல் சொல்லும் தமிழாசிரியர்கள் சிலரைக் கிள்ளானில் உருவாக்கியதுதான்.